நத்தார் வான்கோழி: உப்பு முதலில், தூள் பிறகு

"அக்கா, கனடாவில இருந்து பிள்ளையள் வருகினம். வான்கோழி ரோஸ்ட் செய்ய வேணுமாம். எத்தினை கரண்டி தூள் போடுறது?" டிசம்பர் பிறந்தால் இளவாலையில் எங்கள் ஒழுங்கையில் யாராவது ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்து இதைக் கேட்பார். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எப்ப உப்புப் போடப் போறியள்?"

பதின்மூன்று வருடமாக நத்தாருக்கு வான்கோழி செய்கிறேன். முதலில் எங்கள் வீட்டுக்கு மட்டும், பிறகு சொந்தக்காரருக்கு, இப்போது வருடத்துக்கு நாலைந்து வீடுகளுக்கு. இறைச்சி என்றதும் எங்களுக்குத் தூள்தான் ஞாபகம் வரும். ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு அது சரி. துண்டுகள் சின்னன், குழம்பிலேயே வேகும், சாரம் எல்லாப் பக்கமும் பிடிக்கும். வான்கோழியின் நெஞ்சு இரண்டு மூன்று அங்குலத் தடிப்பு. மிளகாயும் மல்லியும் மிளகும் இரவு முழுக்க ஊறினாலும் மேலே சில மில்லிமீற்றரைத் தாண்டி இறங்காது. உள்ளே போவது உப்பு மட்டும்தான். அதுவும் மெதுவாகத்தான் போகும். ஆகவே வான்கோழிக்கு முதல் வேலை உப்பு, அதற்கு இரண்டு நாள் வேண்டும்.

முதல் வருடம் எனக்கு இது தெரியாது. தயிர், கறித்தூள், மிளகாய்த்தூள் எல்லாம் குழைத்துத் தோலுக்கு மேலே தடிப்பாகப் பூசி ஓவனில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் தூள் கருகி வீடு முழுக்க எரிந்த மணம். வெட்டிப் பார்த்தால் நெஞ்சு வெள்ளையாக, உப்புச் சப்பு இல்லாமல் இருந்தது. தொடை எலும்பு ஓரத்தில் இன்னும் சிவப்பு. மாமி ஒன்றும் சொல்லவில்லை. முழுவதையும் துண்டு துண்டாக வெட்டித் தாச்சியில் போட்டுப் பிரட்டலாக்கித் தந்தார். எல்லாரும் சாப்பிட்டார்கள். ஆனால் அன்று எனக்கு அழுகை வந்தது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு படியாகத் திருத்திக்கொண்டு வந்தேன்.

மாமியின் முறை வேறு. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில் பிரிட்ஜும் இல்லை, ஓவனும் இல்லை. விடியப்புறம் அடித்த வான்கோழியை இஞ்சி, உள்ளி, உப்போடு கிடாரத்தில் அரை அவியலாக அவித்து, உடனேயே பேக்கரிப் போறணைக்கு அனுப்புவாராம். பாண் இறக்கின பிறகு கல்லில் நிற்கிற சூட்டில் அது சிவந்து வரும். முற்றின பறவைக்கு இன்றைக்கும் அதுதான் நல்ல வழி. நான் கீழே சொல்வது இளம் பறவைக்கும் வீட்டு ஓவனுக்கும்.

பறவை

வாங்கப் போகும் முன் ஓவனையும் தட்டையும் ஒரு நூலால் அளந்து பாருங்கள். பெரிய சேவலை ஆசைப்பட்டு வாங்கிவந்து, கதவு பூட்ட முடியாமல் கால்களை வெட்டின வீடுகள் உண்டு. உயிரோடு 6 கிலோ நிற்கும் பேடு, இறகும் குடலும் போக நாலரைக் கிலோ அளவில் வரும். சாதாரண வீட்டு ஓவனுக்கு அதுதான் கணக்கு. பத்துப் பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

வயது பார்க்க இரண்டு இடம் உண்டு. நெஞ்செலும்பின் பின் நுனியை விரலால் அழுத்துங்கள். இளசு என்றால் காது மடல் போல வளையும். முற்றினது என்றால் அசையாது. மற்றது கால். இளசின் காலில் செதில் மெத்தென்று இருக்கும், சேவலில் முள் ஒரு பொத்தான் அளவுதான் நிற்கும். நீளமான கூர்முள் நின்றால் அதைக் கறிக்கு விடுங்கள்.

ஊரில் வளர்த்த பறவை என்றால் அடிக்கிறவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டிய ஒரு சொல் இருக்கிறது: "உரிக்க வேண்டாம்." எங்கள் பக்கத்தில் நாட்டுக்கோழி என்றால் தோலோடு சேர்த்து உரித்துத்தான் தருவார்கள், அது கை பழகின வேலை. ரோஸ்ட்டுக்குத் தோல்தான் போர்வை. ஒரு வருடம் நான் சொல்ல மறந்து, வான்கோழி தோலில்லாமல் வெறும் சிவப்பாக வந்து சேர்ந்தது. அப்படி நடந்தால் மனம் விட வேண்டாம். உப்பும், கீழே சொல்லப்போகிற பட்டர்க் கூட்டும் அதே கணக்குத்தான். கூட்டை இறைச்சியின் மேலேயே பூசி, நெருப்பில் வாட்டின வாழையிலையால் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் மேல் அலுமினியத் தாள் மூடி வேகவிடுங்கள். சிவந்த தோல் கிடைக்காது, இறைச்சி நன்றாகவே இருக்கும்.

அடிப்பதற்கு முதல் நாள் இரவு தீனி போட வேண்டாம், தண்ணீர் மட்டும் வையுங்கள். குடல் வெறுமையாக இருந்தால் துப்புரவு செய்வது லேசு. இறகு பிடுங்கக் கொதிக்கிற தண்ணீரில் முக்கினால் தோல் வெந்து கிழியும். ஒரு வாளி கொதிநீருக்கு ஒரு வாளி கிணற்றுத் தண்ணீர் கலந்தால் 60 பாகைக்குச் சற்று மேலே நிற்கும், அதுதான் வேண்டிய சூடு. காலில் பிடித்து முக்கி, ஒரு நிமிடம் அளவில் மேலும் கீழும் அலைத்து, செட்டையின் பெரிய இறகு ஒன்றை இழுத்துப் பாருங்கள். இலகுவாகக் கழன்றால் போதும். மிஞ்சின பூ மயிருக்குக் காவோலை ஒன்றைக் கொளுத்தி, சுவாலையில் ஒருதரம் காட்டி எடுங்கள். கறுக்க விடாதீர்கள்.

பித்தப்பை உடையாமல் ஈரலை எடுக்க வேண்டும், உடைந்தால் பட்ட இடமெல்லாம் கசக்கும். வால் அடியில் மேல்பக்கம் மஞ்சளாக ஒரு எண்ணெய்க் கட்டி இருக்கும், அதையும் வெட்டி எடுங்கள். விலா எலும்புக்குள் ஒட்டியிருக்கிற நுரையீரலை விரலால் சுரண்டி எடுங்கள். கழுத்து, ஈரல், இதயம், இரைப்பை நாலையும் எறியாமல் வையுங்கள், குழம்புக்கு வேண்டும்.

கால் நரம்பு விஷயத்தைப் பலர் செய்வதில்லை. முற்றத்தில் ஓடித்திரிந்த வான்கோழியின் கீழ்க்காலில் ஏழெட்டு நரம்புகள் கம்பி போல இருக்கும், வேகவும் வேகாது, கடிக்கவும் முடியாது. பாதத்தை முழுக்க வெட்டும் முன், மூட்டுக்குச் சற்று மேலே தோலை மட்டும் சுற்றிவரக் கீறி, வெள்ளையாகத் தெரிகிற நரம்புகளை ஒவ்வொன்றாகக் குறட்டால் பிடித்து இழுங்கள். ஒரு கை குறட்டில், ஒரு கை தொடையில். முதல் நரம்பு வரக் கொஞ்சம் பாடு, பிறகு பழகிவிடும். இது பறவை புதிதாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை.

கடையில் உறைந்த வான்கோழி வாங்கினால் பையில் எழுதியிருப்பதை வாசியுங்கள். சிலவற்றில் உப்புத் தண்ணீர் முன்பே ஏற்றியிருப்பார்கள், அதற்கு மேலே உப்புப் போட்டால் கைக்கும். உருகுவதற்குப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் 2 கிலோவுக்கு ஒரு நாள் வேண்டும். மேசையில் வைத்து உருக விட வேண்டாம். எங்கள் வெக்கைக்கு வெளி இறைச்சி பழுதாகத் தொடங்கும்போது உள்ளே இன்னும் ஐஸ் நிற்கும்.

கழுவுவது பற்றி. முற்றத்தில் அடித்ததை அகலமான சருவத்தில், நிறைந்த தண்ணீரில், கையை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். குழாய்க்கு நேரே பிடித்தால் பச்சை இறைச்சித் தண்ணீர் பக்கத்திலிருக்கிற மரக்கறியிலும் கோப்பையிலும் தெறிக்கும். கடைப் பறவைக்குக் கழுவலே தேவையில்லை, ஒற்றித் துடைத்தால் காணும். மஞ்சள் பூசுவதை நான் விட்டுவிட்டேன், தோலின் நிறத்தைக் கெடுக்கிறது.

உப்பு

22ஆம் திகதி காலை அடித்தால் பின்னேரம் உப்பு. அடித்த சூட்டோடு செய்ய வேண்டாம். துப்புரவாக்கி உடனே பிரிட்ஜில் வைத்து, வடிவாகக் குளிர்ந்த பிறகு எடுங்கள். இறைச்சி விறைத்து மறுபடி இளகவும் ஒரு நாள் ஓய்வு அதற்கு வேண்டும். உப்பு ஊறுகிற காலத்திலேயே அந்த ஓய்வும் கிடைத்துவிடும்.

கணக்கு: ஒரு கிலோவுக்கு 10 முதல் 12 கிராம். நாலரைக் கிலோப் பறவைக்கு 50 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். கரண்டிக் கணக்கை நம்ப வேண்டாம். ஆனையிறவுக் கட்டி உப்பை இடித்துப் போடுகிறவர்களுக்கும் பைக்கற் தூள் உப்புப் போடுகிறவர்களுக்கும் ஒரே கரண்டியில் நிறை வேறுபடும். தராசில்லாதவர்கள் தூள் உப்பென்றால் இரண்டரை முதல் இரண்டே முக்கால் மேசைக்கரண்டி, மட்டமாக வழித்து.

பறவையை உள்ளும் புறமும் துணியால் ஈரம் ஒற்றி எடுங்கள். அந்தத் துணியை வேறு எதற்கும் பாவிக்காமல் அவித்துத் தோயுங்கள். இனித் தோலை விடுவிக்க வேண்டும். மோதிரத்தைக் கழற்றி, நகத்தை வெட்டிவிட்டு வாருங்கள். கழுத்துப் பக்கத்தில் தோலுக்கும் இறைச்சிக்கும் இடையில் இரண்டு விரலை நுழைத்து, உள்ளங்கை நெஞ்சுப் பக்கம் பார்த்தபடி மெல்ல மெல்லத் தள்ளுங்கள். ஈரக் கடதாசியைப் பிரிப்பது போல அது விட்டுக்கொண்டே போகும். நெஞ்செலும்புக்கு நேரே மெல்லிய சவ்வு ஒன்று இறுக்கிப் பிடித்திருக்கும். அங்கே இழுக்க வேண்டாம், கரண்டிக் காம்பின் மொட்டை முனையால் தட்டி விடுங்கள். நெஞ்சு முடிந்ததும் விரலை வளைத்துத் தொடைப் பக்கம் திருப்பினால் அங்கேயும் வழி திறக்கும். தோல் கிழிந்தால் ஒரு ஈர்க்குக் குச்சியால் குத்திச் சேர்த்துவிடலாம்.

உப்பில் பாதியை நெஞ்சுக்கு, தோலுக்கு உள்ளே, விரலால் பரப்புங்கள். கால் பங்கு தொடைக்கும் காலுக்கும். மிச்சம் வயிற்றுக் குழிக்குள்ளும் முதுகிலும். இந்த நேரத்தில் தேசிக்காய்ப்புளி சேர்க்க வேண்டாம். இரண்டு நாள் புளியில் கிடந்தால் மேல் இறைச்சி சுண்ணாம்பு போல மாவாகும்.

தட்டில் நெஞ்சு மேலே இருக்க வைத்து, மூடாமல் பிரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் சின்னன், ஒரு தட்டைக் கழற்றினால்தான் உயரம் போதும். அடித்தட்டு ஏனென்றால் பச்சை நீர் சொட்டினால் கேக்கிலோ புடிங்கிலோ விழக்கூடாது. முதல் இரவு தட்டில் ரோஸ் நிறத் தண்ணீர் நிற்கும், தோல் முத்து முத்தாக வேர்த்திருக்கும். அடுத்த நாள் பார்த்தால் அந்த வேர்வையைக் காணோம். உப்பு கரைந்த நீரை இறைச்சி திரும்ப உறிஞ்சியிருக்கும். மூன்றாம் நாள் தோல் தொட்டால் காய்ந்த கடதாசி போல இருக்கும். காய்ந்த தோல்தான் ஓவனில் மொறுமொறுவென்று வரும். அதற்காகத்தான் மூடாமல் வைக்கச் சொல்கிறேன். தொட்டுப் பார்த்து இது பழுதாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், காய்வது நல்லது.

கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காதீர்கள். திறக்காமல் விட்டால் 4 மணி நேரம் அளவில் குளிர் நிற்கும். அதற்கு மேலே போகும் போலிருந்தால், பக்கத்துக் கடையில் ஐஸ் வாங்கி ரெஜிபோம் பெட்டிக்குள் பறவையைப் பையில் கட்டி மாற்றுங்கள்.

கூட்டு

24ஆம் திகதி பின்னேரம், பூசைக்கு ஆயத்தப்பட முன் இதைச் செய்யுங்கள். உப்பில்லாத பட்டர் 200 கிராம், அறைச்சூட்டில் இளகினது. உள்ளி 15 பல், இஞ்சி ஒரு பெருவிரல் அளவு, இரண்டையும் அம்மியில் மையாக அரைத்தது. மிளகு ஒன்றரை மேசைக்கரண்டி, அப்போதே குற்றினது, கொரகொரவென்று இருக்க வேண்டும். நற்சீரகம் ஒரு தேக்கரண்டி வறுத்து இடித்தது. யாழ்ப்பாணக் கறித்தூள் ஒரு மேசைக்கரண்டி. செத்தல் மிளகாய் நாலைந்து இடித்தது, உறைப்புக் குறைவாகச் சாப்பிடுகிற பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் இரண்டு. இரண்டு தேசிக்காயின் பச்சைத் தோலை மட்டும் துருவி, வெள்ளைப் பகுதி படாமல். இரண்டு நெட்டு கறிவேப்பிலை, தாச்சியில் மொறுக வறுத்து நொறுக்கினது. இதில் உப்புச் சேர்க்க வேண்டாம். கடையில் உப்புப் பட்டர்தான் கிடைத்ததென்றால், 22ஆம் திகதி போட்ட உப்பில் அரைத் தேக்கரண்டி குறைத்திருக்க வேண்டும். அதனால் பட்டரை முதலிலேயே வாங்கி வையுங்கள்.

கறித்தூளைக் கண்டு பயப்பட வேண்டாம். என் முதல் வருடத்தில் கருகினது தோலுக்கு மேலே இருந்ததால்தான். தோலுக்கு உள்ளே பட்டரோடு இருந்தால் அது கருகாது, மெல்ல வறுபட்டு நெஞ்சுக்கு மணம் கொடுக்கும். பட்டர் உருகி வழிந்து வான்கோழியின் காய்ந்த நெஞ்சை நனைத்துக்கொண்டே இருக்கும்.

முன்பு திறந்த அதே வழியால் கூட்டை ஒரு கை நிறைய உள்ளே தள்ளி, வெளியிலிருந்து மற்றக் கையால் தோலைத் தடவித் தடவிப் பரப்புங்கள். குளிர் இறைச்சியில் பட்டர் உடனே இறுகும், கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் சரிவரும். நெஞ்சுக்கு முக்கால், தொடைக்குக் கால்.

வயிற்றுக்குள் ஒரு பம்பாய் வெங்காயம் பாதியாக வெட்டினது, தோல் துருவின தேசிக்காய் இரண்டும், ஒரு துண்டு கறுவா, ரம்பை இலை. அவ்வளவுதான். பாண் திணிப்பை வயிற்றுக்குள் அடைக்காமல் தனித் தட்டில் வேகவையுங்கள். உள்ளே அடைத்தால் அதன் நடுப்பகுதி வேகும்வரை பறவையை விட வேண்டும், அதற்குள் நெஞ்சு விறகாகிவிடும். பாண், ஈரல், லீக்ஸ், கஜு எல்லாம் தனியாக வந்தாலும் தட்டில் ஒன்றாகத்தானே போகிறது.

செட்டை நுனிகளை முதுகுக்குப் பின்னால் மடித்துச் சொருகுங்கள், இல்லாவிட்டால் அவைதான் முதலில் கருகும். கால்கள் இரண்டையும் நனைத்த வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். சாக்குத் தைக்கிற நைலோன் நூல் வேண்டாம், உருகும். இறுக்கிக் கட்டினால் தொடை இடுக்கில் சூடு போகாது. திரும்ப மூடாமல் பிரிட்ஜில் வைத்துவிட்டு நடுச்சாமப் பூசைக்குப் போங்கள்.

நத்தார் காலை

ஏழு மணிக்கு வெளியே எடுத்து அரை மணி நேரம் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். தோலில் உருக்கின நெய் மெல்லிசாக ஒரு பூச்சு. தூள், சீனி, தேன், தயிர் எதுவும் தோலுக்கு மேலே வேண்டாம். தட்டில் வெங்காயமும் கரட்டும் தடித்த துண்டுகளாகப் பரப்பி, கழுத்தையும் இரைப்பையையும் போட்டு, ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி அதன் மேலே பறவையை ஏற்றுங்கள்.

ஓவன் 165 பாகை. நாலரைக் கிலோவுக்கு இரண்டே முக்காலிலிருந்து மூன்று மணி நேரம். அடிக்கடி கதவைத் திறந்து எண்ணெய் அள்ளி ஊற்ற வேண்டாம், பட்டர் உள்ளே இருந்து அந்த வேலையைச் செய்கிறது. நெஞ்சு வேண்டிய அளவு சிவந்ததும் அதற்கு மட்டும் அலுமினியத் தாளால் ஒரு தொப்பி. இரண்டே கால் மணி நேரத்திலிருந்து சூடு பாருங்கள். தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் முட்டாமல், வெப்பமானி 74 பாகை காட்டினால் வெந்தது. ஊர்ப் பறவையின் தொடையை நான் 80 வரை விடுவேன், அப்போதுதான் மிருதுவாக வரும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் இறைச்சி வெப்பமானி ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். சொக்கிளேற் இங்கேயும் கிடைக்கிறது. சாறு தெளிவாக வருகிறதா என்று குத்திப் பார்ப்பது முழு நம்பிக்கைக்கு உரியதில்லை, என் முதல் வான்கோழியும் அப்படித்தான் ஏமாற்றியது.

எடுத்த பிறகு அரை மணி நேரம் வெட்டாமல் வையுங்கள். அந்த நேரத்துக்குள் தட்டில் நின்ற சாறை வடித்து, மேலே மிதக்கும் கொழுப்பில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து அதே அளவு கோதுமை மாவை வறுத்து, சாறைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறிக் கொதிக்க விடுங்கள். கடைசியில் முதற்பால் கால் கோப்பை. உப்புப் பார்த்துத்தான் போடுங்கள், சாறிலேயே போதியளவு இருக்கும்.

நெஞ்சை எலும்போடு ஒட்டி முழுத் துண்டாக எடுத்து, பலகையில் வைத்துக் குறுக்காக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் சிவந்த தோலும், அதன் கீழே மிளகும் கறிவேப்பிலையும் ஒரு கோடு போலத் தெரியும். நடுத் துண்டில் தூள் இருக்காது, உப்பு இருக்கும். மேசைக்குக் கொண்டுபோகும் முன் அந்த நடுத் துண்டை மாமிக்குத்தான் முதலில் கொடுப்பேன். எலும்புகளை அன்றைக்கே இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள், அடுத்த நாள் மிளகும் உள்ளியும் தட்டிப் போட்டு ரசம் வைக்கலாம்.